கூண்டுக் கதவைத் திறக்கும் முன்: காப்பகத் தன்னார்வலர்களுக்கு ஒரு பயிற்சிச் செயலி

விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த நாயை நான் வெளியே நடத்திக் கூட்டிப் போகலாம்? காப்பகத்தில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவதோ தரையைக் கழுவவும், சாப்பாட்டுத் தட்டுகளைத் தேய்க்கவும், விரிப்புத் துணிகளை அலசவும் ஒரு கூடுதல் ஆள். இந்த இரண்டு எதிர்பார்ப்புகளும் பொருந்தாமல் போகும் இடத்தில்தான் கடி விழுகிறது, ஒரு கூண்டின் நோய் அடுத்த கூண்டுக்குப் போகிறது, ஆசையோடு வந்தவரும் சலித்து நின்றுவிடுகிறார். சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு காப்பகத்துக்காக நாங்கள் இருவர் சேர்ந்து வடிவமைத்த கைபேசிப் பயிற்சிச் செயலியைப் பற்றிய அனுபவக் குறிப்புகள் இவை. நான் பிழைப்புக்குத் திரை வடிவமைப்பவன். நண்பர் நிரல் எழுதுபவர். இருவருமே அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலர்கள். காப்பகத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. முகவரி பரவிய மறு வாரமே, விடியும்போது வாசலில் அட்டைப்பெட்டியில் யாரோ குட்டிகளை விட்டுப் போயிருப்பார்கள். அதே காரணத்தால் செயலியிலும் நாங்கள் வரைபடம் எதையும் வைக்கவில்லை.

விலங்கு நலப் பணியில் சென்னைக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் ஆஃப் இந்தியா, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964இலேயே முன்வைத்து நடத்திய ஊர் இது. ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் இங்கேதான் இருந்தது. இவ்வளவு பழக்கம் இருந்தும் பெரும்பாலான சிறிய காப்பகங்களில் பயிற்சி என்பது இன்றும் வாய்மொழிதான். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த முறையில் தவறு ஒன்றும் இல்லை; சொல்லித் தருபவர் ஒருவர், கேட்க வருபவர் பத்துப் பேர் என்று ஆகும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அது திணறுகிறது.

செயலிக்கு முன்பு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் முப்பது பக்க வழிகாட்டி ஒன்று பிடிஎஃப்பாகக் கிடந்தது. அதற்கு மேலே பிறந்தநாள் வாழ்த்துகளும், தத்துக்குக் காத்திருக்கும் குட்டிகளின் படங்களும், ‘இன்னைக்கு யார் வர்றீங்க?’ என்ற கேள்விகளும் குவிந்திருந்தன. வழிகாட்டியை எழுதிய கால்நடை மருத்துவர் கவனமாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் பார்வோ என்ற தொற்றுநோய் கண்ட நாய்க்குட்டிகளின் வார்டுக்குள் கால் வைக்கும் கணத்தில் பதினேழாம் பக்கத்தை யாரும் நினைத்துக்கொள்வதில்லை. நிர்வாகத்தினர் எங்களிடம் கேட்டது அந்தப் பிடிஎஃப்பைச் செயலியாக மாற்றித் தரச் சொல்லித்தான். பாடங்கள், காணொளிகள், கடைசியில் தேர்வு, தேறினால் சான்றிதழ் என்பது அவர்கள் மனத்தில் இருந்த வடிவம். அதைச் செய்வதற்கு முன் சில ஞாயிறுகள் குறிப்பேட்டோடு ஓரமாக நின்று பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டோம்.

பார்த்ததில் தெளிவானது இதுதான். அங்கே முடிவெடுக்கும் அறிவு முழுவதும் எல்லோரும் ‘அக்கா’ என்று அழைக்கும் மூத்த பராமரிப்பாளர் ஒருவரிடம் இருந்தது. எந்த நாய் ஆண்களைக் கண்டால் மிரளும், எந்த நாய் தட்டை எடுக்கும்போது மட்டும் கடிக்கும், எது மழை இடிக்குப் பிறகு இரண்டு நாள் யாரையும் நெருங்க விடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் நன்றாக ஆங்கிலம் பேசும், காரில் வந்து இறங்கும் தன்னார்வலர் ‘எனக்கு நாய் பழக்கம் இருக்கு, வீட்ல மூணு வளர்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே கூண்டுக்குள் போகும்போது, அவரால் தடுக்க முடிவதில்லை. தேர்வு, சான்றிதழ் என்ற யோசனையைச் சொன்னபோது அவர் கேட்டார்: “பரீட்சையில பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க தம்பி. நாய்க்கு அது தெரியுமா?”

செயலியின் அமைப்பே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பூட்டுகள் வைத்தோம். முதல் பூட்டைத் தன்னார்வலரே திறக்கலாம்: திரையில் வரும் சிறு பாட அட்டைகளைப் படித்து, காணொளியைப் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். இரண்டாவது பூட்டைத் திறக்கப் பராமரிப்பாளர் ஒருவர் நேரில் நின்று அந்த வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். கதவைத் திறக்கும் முன்பே கழுத்தில் கயிறு மாட்டப்பட்டதா, வெளிக்கதவு சாத்தியிருப்பதை உறுதி செய்துகொண்டு உள்கதவைத் திறந்தாரா, நாயின் முகத்துக்கு நேரே குனியாமல் பக்கவாட்டில் நின்றாரா என்பதையெல்லாம் அவர் பார்த்துத் திருப்தி அடைந்தால், தன்னார்வலரின் கைபேசியை வாங்கித் தன்னுடைய கோட்டு வடிவக் குறியை வரைவார். எழுத்துத் தட்ட வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை. மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும், மீண்டும் அக்காவின் முன் நிற்க வேண்டும். நிர்வாகத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தன்னார்வலர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார்கள். சிலர் சுளிக்கவும் செய்தார்கள். ஆனால் அக்காவுக்கு எப்போதும் இருந்திருக்க வேண்டிய அதிகாரத்தை ஒரு திரை எழுத்தில் கொடுத்தது என்பதையே இந்தச் செயலியின் மிகப் பெரிய பயனாக நான் கருதுகிறேன். இதைப் போன்ற ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் பாடத்திட்டத்தை வரைவதற்கு முன் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்தது பாடங்களின் வரிசை. எல்லோரும் எதிர்பார்க்கும் நாய் பழக்கும் பாடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, கழுவுவதை முதலில் வைத்தோம். காரணம் பார்வோ. தடுப்பூசி முடியாத குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் இந்த வைரஸ் மலத்தின் வழியே பரவி, தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. கொரோனா காலத்துக்குப் பிறகு நம் எல்லோருக்கும் கைச் சுத்திகரிப்பான் மீது அளவுகடந்த நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் ஆல்கஹால் கலந்த அந்தத் திரவம் பார்வோ வைரஸை நம்பகமாக அழிப்பதில்லை. பிளீச் அழிக்கும், அதுவும் மலத்தையும் அழுக்கையும் முதலில் அள்ளிச் சோப்பு நீரால் கழுவிய பிறகு ஊற்றினால்தான். ‘ஒன்றுக்கு முப்பது’ என்ற விகிதம் பிடிஎஃப்பில் இருந்தது. தன்னார்வலர்களில் பலர் அதை வாளிக்குக் கொஞ்சம் என்று புரிந்துகொண்டு கண்ணளவில் ஊற்றினார்கள். காப்பகத்தில் இருப்பது 15 லிட்டர் நீல வாளிகள். அரை லிட்டர் பிடிக்கும் ஒரு மக்கு. ஆகவே அட்டையில் விகிதத்தை எடுத்துவிட்டு, அதே நீல வாளியின் படத்தையும் அதே மக்கின் படத்தையும் போட்டு, ‘ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மக்கு, ஊற்றிப் பத்து நிமிடம் விடவும், பிறகு அலசவும்’ என்று எழுதினோம். கடையில் விற்கும் ஏறக்குறைய 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுக்கான கணக்கு இது. வேறு செறிவில் வாங்கினால் மருத்துவர் அட்டையை மாற்ற வேண்டும். பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலக்கக் கூடாது என்பதற்குத் தனி அட்டை உண்டு; நச்சு வாயு வரும். யாரும் கலக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள், இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைத்திருக்கும் கிடங்குகளைப் பார்த்ததில்லை.

பினாயில் இன்னொரு தொல்லை. நன்கொடையாகப் பொருள் தர நினைக்கும் குடும்பங்கள் முதலில் வாங்கி வருவது பினாயில்தான், ஏனென்றால் ‘சுத்தம்’ என்றால் நம் வீடுகளில் அந்த வாசனைதான். பினாயில்களில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும் பூனைக்கு அது விஷம். ஆகவே பூனை அறைக்கான அட்டையின் முதல் வரி ‘இந்த அறையில் பினாயில் கிடையாது’ என்பது. நன்கொடைப் பட்டியலிலும் அதை நீக்கி, பழைய செய்தித்தாளும் பருத்தித் துண்டும் கேட்டோம். இந்த மாற்றத்துக்குச் செயலி தேவையே இல்லை. ஆனால் செயலிக்காக ஒவ்வொரு அறையையும் வரி வரியாக எழுதியபோதுதான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

கழுவும் வரிசையும் முக்கியம். குட்டிகள் முதலில், நலமாக இருக்கும் பெரிய நாய்கள் பிறகு, நோய்ப்பட்டவை கடைசியில். யார் எப்போது வந்தாலும் செயலி அன்றைய வேலைகளை இந்த வரிசையில்தான் காட்டும். நோய் வார்டில் வேலை செய்ததாகக் குறித்தவருக்கு அன்று முழுவதும் குட்டி அறை திறக்காது. உள்ளே நுழையும்போது திரை இரண்டு கேள்விகள் கேட்கும்: இன்று வேறு காப்பகத்துக்குப் போய் வந்தீர்களா? வீட்டில் தடுப்பூசி முடியாத நாய்க்குட்டி இருக்கிறதா? ‘ஆம்’ என்றால் வேலைப்பட்டியல் மாறிவிடும். முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், குட்டி அறை திறக்கவில்லை என்பதற்காக என்னிடம் வாக்குவாதம் செய்திருக்கிறார். காலையில் அவர் வேறொரு இடத்தில் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் கண்ட நாயைத் தூக்கிவிட்டு வந்திருந்தார்.

இங்கே ஒரு முரண் இருந்தது. கைபேசியே நோய் சுமக்கும் பொருள்தான். கையுறையோடு அதைத் தொட்டு, பையில் போட்டு, மறுபடி எடுத்துக் குட்டி அறையில் தட்டினால் கால் கழுவியதெல்லாம் வீண். மேலும் ஈரமான ரப்பர் கையுறைக்குப் பெரும்பாலான திரைகள் கீழ்ப்படிவதில்லை. ஆகவே எந்த அட்டையும் கூண்டுக்குள் படிப்பதற்காக எழுதப்படவில்லை. வார்டுக்கு வெளியே, பிளீச் நீரில் கால் நனைக்கும் தொட்டிக்கு முன்னால், மூன்று வரி. அதற்கு மேல் இருந்தால் வெட்டினோம். கடைசி வரி எப்போதும் ‘கைபேசியை அலமாரியில் வையுங்கள்’. மக்கள் செயலிக்குள் அதிக நேரம் இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் நாள் முழுக்கப் பாடுபடுகிறவனுக்கு, சீக்கிரம் மூட வைக்கும் செயலியை வடிவமைப்பது ஒரு தனி நிம்மதி.

இதற்கு ஒரே விதிவிலக்கு கடிப் பொத்தான். எந்தத் திரையிலும் கீழ் மூலையில் சிவப்பாக இருக்கும் அதை அழுத்த உள்நுழைய வேண்டியதில்லை, இணையம் வேண்டியதில்லை. அழுத்தினால் தொலைபேசி எண்ணோ படிவமோ வராது. குழாயின் படமும் 15 நிமிடக் கடிகாரமும் வரும். சோப்புப் போட்டு, ஓடும் நீரில், பதினைந்து நிமிடம். ரேபிஸைத் தடுப்பதில் முதல் படி இதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் கடிபட்டவர்கள் அரை நிமிடம் கழுவிவிட்டு மருந்துப்பெட்டியைத் தேட ஓடுவதைத்தான் பார்த்தோம். பதினைந்து நிமிடம் என்பது குழாயடியில் நிற்பவருக்கு முடிவில்லாத நேரம். ஆகவே கடிகாரம் ஒவ்வொரு நிமிடமும் வாய்விட்டுச் சொல்லும், கைபேசியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கழுவலாம். அந்த நேரத்துக்குள்ளேயே குரல் மற்றவற்றையும் சொல்லிவிடும்: மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள்; இறுக்கிக் கட்டாதீர்கள்; இரத்தம் வராத கீறலுக்கும் ஊசி வேண்டும்; பூனை கீறினாலும் இதே விதிதான்; தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்து) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். கடைசியில் மட்டுமே ஒரு கேள்வி: எந்த விலங்கு? கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பதால் அந்தக் கூண்டின் பெயர்ப்பலகையில் நாள் குறிக்கப்படும்.

காயத்தின் வகையைத் தன்னார்வலரே முடிவு செய்யும் திரை ஒன்றை நண்பர் முதலில் வரைந்து காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று வகைப் பிரிவை வைத்து, படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி. அழகாகவே இருந்தது. மருத்துவர் ஒரே வாக்கியத்தில் நிராகரித்தார்: பயந்துபோய் இருப்பவர் எப்போதும் தன் காயம் சின்னது என்ற பக்கம்தான் சாய்வார். அறிகுறி வந்துவிட்டால் பிழைக்க வழி கிட்டத்தட்ட இல்லாத ஒரு நோயில், அந்தச் சாய்வுக்கு இடம் தரக் கூடாது. கடிக்கு முன்பே போடும் தடுப்பூசியையும் இதே கண்டிப்போடு வைத்தோம். 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசியும் போட்ட தேதிகளைப் பதியாதவருக்கு நாய் கையாளும் நிலை திறக்காது. ஏற்கெனவே போட்டவர் பின்னர் கடிபட்டால் 0, 3ஆம் நாள்களில் இரண்டு ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை என்று விளக்கியதும் முணுமுணுப்பு குறைந்தது.

நாயின் உடல்மொழிப் பாடத்துக்குப் படங்கள் தேடியபோது, இணையத்தில் கிடைத்தவை எல்லாம் லேப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும்தான். எங்கள் கூண்டுகளில் இருப்பவை நாட்டு நாய்கள். அவற்றுக்குக் காது இயல்பாகவே நிமிர்ந்திருக்கும். வால் முதுகின் மேல் சுருண்டிருப்பது ஓய்வாக நிற்கும் நிலையிலேயே உண்டு. வெளிநாட்டு விளக்கப்படத்தில் ‘உயர்ந்த வால், நிமிர்ந்த காது: எச்சரிக்கை’ என்று படித்துவிட்டு வந்தவர் இங்கே எல்லா நாயையும் பார்த்துப் பயப்படுவார், அல்லது இரண்டு வாரத்தில் அந்தப் பாடத்தையே நம்பாமல் விட்டுவிடுவார். ஆகவே எங்கள் நாய்களையே படம் எடுத்தோம். ஒவ்வொரு நாய்க்கும் அது நிம்மதியாக இருக்கும்போது ஒரு படம், அசௌகரியமாக இருக்கும்போது ஒரு படம். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். வாயை மூடிக்கொண்டு உடம்பு இறுகுவது, பசி இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. காது அறுபட்டது, ஒரு கண் இல்லாதது, விபத்தில் பின்னங்கால்கள் செயலிழந்து வால் அசையாதது என்று வழக்கமான குறிகள் வேலை செய்யாத நாய்களுக்குத் தனியாக எழுதினோம். இந்தப் பகுதிக்குத்தான் அக்கா அதிகம் உழைத்தார். படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பேசியதைப் பதிவு செய்து, வெட்டாமல் அப்படியே ஒலியாக வைத்திருக்கிறோம்: “வாலாட்டுதுன்னு உள்ள போகாதீங்க. வாயப் பாருங்க. வாய் திறந்து லூசா இருந்தா சரி. மூடிக்கிட்டு ஒங்களையே பாத்துச்சுன்னா, நின்னு பேசுங்க, கைய நீட்டாதீங்க.”

கேள்விகளை வடிவமைத்ததில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘பார்வோ எதனால் பரவுகிறது?’ போன்ற வினாக்களை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சூழ்நிலையாக எழுதினோம். பிறந்த சில நாளே ஆன குட்டி ஒன்று சில்லென்று கிடக்கிறது, பால்புட்டி கையில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? முதலில் உடம்பைச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. புகட்டும்போதும் மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், வயிறு கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும். அன்பினாலேயே நடக்கும் தவறு இது. இத்தகைய வினாக்களில் ‘யாரையாவது கூப்பிடுவேன்’ என்பது பெரும்பாலும் சரியான விடை. அதை எப்போதும் சரியான விடையாக வைத்தால் படிக்காமலே அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே சில இடங்களில், முக்கியமாகக் கடிபட்ட காயத்தில், கூப்பிட்டுக்கொண்டு நிற்பது தவறான விடையாக இருக்கும்படி அமைத்தோம். தவறிய வினாக்கள் சில நாள் கழித்து மறுபடி வரும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவுகூரச் செய்வதே நீண்ட நாள் நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. எங்களுக்கு அது திங்கட்கிழமை பேருந்தில் ஒரு கேள்வி, வியாழக்கிழமை ஒரு கேள்வி என்ற அளவில் பயன்பட்டது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தடுமாறுவார்கள் என்ற நிலையில் தன்னார்வலர்களில் பலர். தமிழே புரியாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் பராமரிப்பாளர்களில் சிலர். எனவே மொழித் தேர்வை அமைப்புகளுக்குள் புதைக்காமல் ஒவ்வொரு அட்டையின் மேலும் வைத்தோம், ஒவ்வோர் அட்டைக்கும் ஒலி உண்டு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரைந்த பொத்தான்களில் தமிழ்ச் சொற்கள் அடங்காது. எழுத்துக் கொக்கிகள் மேலும் கீழும் வெட்டுப்படும். தமிழ்த் திரையை முதலில் வரைந்துவிட்டு ஆங்கிலத்தை அதில் பொருத்தினால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. கதவுக் குறிகளுக்கு நிறத்தோடு வடிவமும் கொடுத்தோம்: பச்சை வட்டம், மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

வேண்டுமென்றே விட்டவற்றில் முதலாவது மருந்தளவு. செயலியில் எங்கும் எந்த மருந்துக்கும் அளவு கிடையாது. திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் அது யார் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் போய்ச் சேரும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். இரண்டாவது, மதிப்பெண் பட்டியலும் ‘தொடர்ந்து இத்தனை நாள் வந்தீர்கள்’ என்ற பாராட்டும். அவை உடம்பு சரியில்லாதவரையும் வர வைக்கும், தேர்வு நேரத்தில் விட்டுப்போன கல்லூரி மாணவரைத் திரும்பி வரக் கூச்சப்பட வைக்கும். அதற்குப் பதிலாக நாய்களின் பட்டியல் வைத்தோம்: இன்று யார் நடக்கவில்லை என்பது தெரியும். மக்கள் தானாகவே பட்டியலின் கடைசியில் உள்ள, அழகில்லாத, வயதான நாயைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோர் ஒப்புதல் தேவை என்பதால், அவர்களுக்குக் கணக்கே திறக்காமல் அச்சிட்ட அட்டைகளைத் தந்தோம். நாய்களைக் கையாளும் வேலை அவர்களுக்கு எப்படியும் கிடையாது.

கருத்தடை செய்த நாயை ஏன் மறுபடி தெருவில் விடுகிறீர்கள் என்பது தன்னார்வலர்கள் கோபத்தோடு கேட்கும் கேள்வி. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் நிபந்தனை என்பதையும், பழகிய இடத்துக்குத் திரும்பாத நாய் வேறு நாய்களின் எல்லையில் அடிபடும் என்பதையும், காதில் உள்ள வெட்டு எதைக் குறிக்கிறது என்பதையும் ஓர் அட்டை சொல்கிறது. அதைப் படித்த பிறகும் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. இது அட்டையால் தீரக்கூடிய விஷயம் இல்லை.

சாவும் அப்படித்தான். பார்வோ வார்டில் போன வாரம் புட்டிப்பால் கொடுத்த குட்டி இந்த வாரம் இருக்காது. தகவல் புதுப்பிக்கப்பட்டதும் தானாக அறிவிப்பு அனுப்பும் வசதி பெரும்பாலான செயலிகளில் இயல்பாகவே இருக்கும். அதை இந்த ஓர் இடத்தில் நண்பர் அணைத்து வைத்தார். ஒரு விலங்கு இறந்தால் பட்டியலிலிருந்து அது சத்தமில்லாமல் மறைவதும் இல்லை, பேருந்தில் போகிறவரின் கைபேசி ஒலித்துச் சொல்வதும் இல்லை. அந்த விலங்கோடு வேலை செய்தவர்களின் பெயர்கள் அக்காவின் திரையில் வரும். அவரோ மருத்துவரோ கூப்பிட்டுப் பேசுவார்கள். அக்கா பேசுவது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான்: “ராத்திரி போயிடுச்சும்மா. நீ பண்ணதுல கொற ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம வா, இன்னும் நாலு கெடக்கு.” முதல் சாவோடு நின்றுவிடுகிறவர்களில் சிலர் இதனால் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நிர்வாகத்தினர் சொல்கிறார்கள்.

பயன் அளப்பதற்குச் செயலியை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கை எங்களுக்கு உதவவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறு மாலைகளில் பராமரிப்பாளர்களிடம் ஒரே கேள்வி கேட்டோம்: இன்று எதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது? கால் நனைக்கும் தொட்டியைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் சேறாக இருந்தது, சேறு கலந்தால் பிளீச்சுக்கு வேலை இல்லை என்று படித்துவிட்டுத்தான் குதித்திருக்கிறார்கள். தொட்டியை மாற்றுவது காலை முதல் வேலையாகப் பட்டியலில் ஏறியது. இரண்டு நாய்களை எதிரெதிரே நடத்திக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். நடைபாதைக்கு ஒருவழி அம்புக்குறி தரையில் வரையப்பட்டது, செயலியில் ஒன்றும் மாறவில்லை. வடிவமைப்பு வேலையில் பாதி பெயிண்ட் டப்பாவோடு முடிந்துவிடும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்வது நல்லது.

தொழில்நுட்பம் எளிமையானதுதான். தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் கிடைக்காது என்பதால் எல்லா அட்டையும் ஒலியும் கைபேசியிலேயே இருக்கும். வாசலுக்கு வந்ததும் புதியவை இறங்கும். காணொளிகள் ஒரு நிமிடத்துக்குள், 480பி தரத்தில், சத்தமில்லாமலும் புரியும்படி, கைகளை மட்டும் காட்டி எடுக்கப்பட்டவை. பிளே ஸ்டோரில் ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர்; அந்தப் பணத்துக்குத் தடுப்பூசி வாங்கலாம் என்று மருத்துவர் சொன்னதால் ஐபோன்காரர்களுக்கு உலாவியில் திறக்கும் வடிவம் மட்டும் உண்டு.

காப்பகங்களுக்குத் தன்னார்வலர்கள் செய்து கொடுக்கும் செயலிகள் பெரும்பாலும், செய்தவர் வேலை மாறிப் போனதும் செத்துவிடுகின்றன. எனவே அட்டைகளின் உள்ளடக்கம் முழுவதும் மருத்துவரே திருத்தக்கூடிய ஒரு கூகுள் விரிதாளில் இருக்கிறது. ஒவ்வோர் அட்டையிலும் அவர் கடைசியாகச் சரிபார்த்த தேதி தெரியும், ஓராண்டு தாண்டினால் அட்டை சாம்பல் நிறமாகிவிடும். பிளே ஸ்டோர் கணக்கு காப்பகத்தின் மின்னஞ்சலில் இருக்கிறது. ஓடிபி வரும் சிம், எங்கள் இருவர் கைபேசியிலும் இல்லாமல், அலுவலக மேசை இழுப்பறையில் உள்ள பழைய பொத்தான் போனில் இருக்கிறது. அதற்கு மாதம் ஒருமுறை ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பதும் காலை வேலைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டுள்ளது.